சால் கமிட்டிக்கு அரசு மானியம் உண்டா? ஃபைல் போட 15,000 கேட்கிறார் ஒருவர்

தொண்ணூறடி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். மும்பை தாராவியில் 90 அடி ரோட்டை ஒட்டிய ஒரு கல்லியில், அதாவது குறுகிய சந்தில், இருக்கிறோம். 62 வீடு உள்ள சால், வரிசைக் குடியிருப்பு. கீழே குடித்தனம், மேலே மாளா என்கிற மாடி அறையில் தையல். சில வீடுகளில் பர்ஸ் தைக்கிற வேலையும் உண்டு. போன மாதம் ஒரு மாளாவில் ஸ்விட்ச் போர்டில் பொறி கிளம்பி, பக்கத்தில் மூட்டை கட்டி வைத்திருந்த கத்ரனில், அதாவது வெட்டுத் துணிக் கழிவில், பிடித்துக்கொண்டது. மதியம் மூன்று மணி. ஆம்பளைகளில் பாதிப்பேர் வேலைக்குப் போயிருந்தார்கள்.

பிள்ளையார் கோவில் வாசலில் இரண்டு தீயணைப்பு சிலிண்டர் மாட்டி வைத்திருந்தோம். ஏழெட்டு வருடத்துக்கு முன்பு யாரோ நன்கொடையாகக் கொடுத்தது. முதலாவதை அழுத்தினால் சத்தமே இல்லை, முள் சிவப்பில் படுத்துக் கிடந்தது. இரண்டாவது, வயசாளி இருமுகிற மாதிரி ரெண்டு தரம் பவுடரைத் துப்பிவிட்டு நின்றுவிட்டது. கடைசியில் பெண்கள்தான் டிரம்மில் இருந்த குடிதண்ணீரை வாளி வாளியாக மேலே கடத்தி அணைத்தார்கள். அதற்கு முன் மெயினை இறக்கியது ஒன்பதாவது படிக்கிற ஒரு பையன். அவனுக்கு அது தோன்றாமல் இருந்திருந்தால் தண்ணீர் ஊற்றியவர்கள் கதி என்ன என்று நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது. தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்தது. ஆனால் மெயின் ரோட்டில் நின்றுதான் பைப்பை இழுக்க வேண்டியிருந்தது. எங்கள் கல்லியில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தாலே ஒருவர் அடுத்த வீட்டுப் படியில் ஏறி நிற்க வேண்டும்.

அன்று ராத்திரி கோவிலில் கூட்டம் போட்டோம். ஒருவர் போனில் வீடியோ காட்டினார். கோவில்களுக்கும் சங்கங்களுக்கும் கேமரா போட, கதவு பலப்படுத்த, பாதுகாப்புச் சாமான் வாங்க அரசே மானியம் தருகிறதாம். இரண்டு நாளில் ஒரு கன்சல்டன்ட் வந்துவிட்டார். “சென்ட்ரல் கவர்மென்ட் ஸ்கீம், 12 லட்சம் வரைக்கும் வாங்கலாம், ஃபைல் போட 15,000 ஆகும், பாதி அட்வான்ஸ்” என்கிறார். வீட்டுக்கு 250 ரூபாய் வர்கணி (பொதுச் சந்தா) போட்டால் 15,500 வந்துவிடும் என்று கமிட்டியில் பேச்சு ஓடுகிறது. வசூல் தொடங்குவதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். இது உண்மையா?

ஆன்டாப்ஹில்காரன்

கொடுக்காதீர்கள். மீதியைப் பிறகு பேசலாம். முதலில் கொடுக்காதீர்கள்.

செம்பூர்வாசி

அண்ணே, நீங்கள் பார்த்த வீடியோ அமெரிக்காவைப் பற்றியது என்று நினைக்கிறேன். அங்கே ஃபீமா என்ற பேரிடர் நிர்வாக அமைப்பு, லாப நோக்கில்லாத நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு மானியம் கொடுக்கிறது. கோவில், சர்ச், மசூதி, யூதர்களின் ஜெப ஆலயம் எல்லாம் அதில் விண்ணப்பிக்கலாம். கேமரா, கதவு, கேட், அலாரம் எல்லாம் அதில் வரும். நியூஜெர்சியில் இருக்கும் என் மச்சினன் கோவில் கமிட்டியில் இருப்பதால் எனக்குத் தெரியும். தீயணைப்பு நிலையங்களுக்குத் தனி மானியமும் அங்கே உண்டு. யாரோ அதைத் தமிழில் பேசி, ‘அரசு’ என்று மட்டும் சொல்லி, எந்த அரசு என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

அங்கேயும் எல்லாம் தேனும் பாலும் இல்லை. ஊர்கள் வெள்ளத்தையும் தீயையும் தாங்குகிற மாதிரி முன்கூட்டியே வேலை செய்யப் பெரிய திட்டம் ஒன்று வைத்திருந்தார்கள். 2025 ஏப்ரலில் அதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். பிறகு கோர்ட், கேஸ்.

சித்தாகேம்ப்

அமெரிக்காவை விடுங்கள். நம் ஊரிலும்தான் பணம் ஒதுக்குகிறார்கள். தீயணைப்புக்கு 5,000 கோடி, மும்பை வெள்ளத்துக்கு 500 கோடி என்று பேப்பரில் நானே படித்திருக்கிறேன். அதெல்லாம் எங்கே போகிறது? எங்கள் நாலாவை (சாக்கடைக் கால்வாய்) வருடத்தில் இரண்டு தடவை தூர்வாருவதாகப் பலகை வைக்கிறார்கள், அள்ளிய சேற்றைக் கரையிலேயே போடுகிறார்கள், முதல் மழையில் அது உள்ளே போகிறது. இந்த 500 கோடியில் ஒரு லாரி வாடகைகூடவா இல்லை?

பழைய கிளார்க்

நான் அரசு அலுவலகத்தில் 31 வருடம் ஆவக்-ஜாவக் (வருகிற, போகிற கடிதப் பதிவு) மேஜையிலிருந்து கணக்குப் பிரிவு வரை உட்கார்ந்தவன். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

சித்தாகேம்ப் தம்பி சொன்ன இரண்டு தொகையும் உண்மை. ஆனால் இரண்டுமே உங்கள் கமிட்டிக்கு வருகிற பணம் இல்லை. 15-வது நிதிக்குழு 2021-26 காலத்துக்குச் சொன்ன கணக்கு அது. மாநிலங்களின் பேரிடர் நிதிக்கு மொத்தம் 1,60,153 கோடி. மகாராஷ்டிரா மாதிரி மாநிலத்தில் முக்கால் பங்கு மத்திய அரசு, கால் பங்கு மாநில அரசு.

அதை நூறு ரூபாயாக வைத்துக்கொள்ளுங்கள். 40 ரூபாய் உடனடி நிவாரணத்துக்கு. 30 ரூபாய் இடிந்ததைத் திரும்பக் கட்ட. 10 ரூபாய் பயிற்சிக்கும் சாமானுக்கும், அதாவது முன்தயாரிப்புக்கு. இந்த 80-க்குப் பெயர் மாநிலப் பேரிடர் மீட்பு நிதி. மிச்சம் 20 ரூபாய், ஆபத்து வருவதற்கு முன்பே அதைக் குறைக்கிற வேலைக்கு. அது தணிப்பு நிதி, தனிக் கணக்கு. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்திலேயே இந்த இரண்டு நிதியும் இருக்கின்றன. ஆனால் தணிப்பு என்கிற பாதி ரொம்ப வருடம் காகிதத்தில்தான் இருந்தது. பணம் வைத்து ஓட ஆரம்பித்தது 2021-க்குப் பிறகுதான்.

5,000 கோடி என்பது தேசியக் கணக்கில், மாநிலங்களின் தீயணைப்புத் துறைகளை நவீனப்படுத்த. 2023 ஜூலையில் அந்தத் திட்டத்தைத் தொடங்கினார்கள். வண்டி, நிலையம், பயிற்சிக்கூடம் இதற்குத்தான். மாநில அரசு பிரபோசல் போட வேண்டும், தன் பங்கைப் போட வேண்டும். சால் கமிட்டி என்று ஒரு கட்டமே அந்தப் படிவத்தில் கிடையாது. 500 கோடியும் அப்படித்தான். ஏழு பெரிய நகரங்களின் வெள்ளத்துக்கு 2,500 கோடி சொன்னார்கள். மும்பை, சென்னை, கொல்கத்தாவுக்குத் தலா 500. பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், புனேவுக்குத் தலா 250. 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிய ஊர் இது. அந்த ஊருக்கு ஐந்து வருடத்துக்கு 500 கோடி பெரிய தொகையா என்று நீங்களே யோசியுங்கள். அதில் லாரி வாடகை எங்கே வரும்?

ஆகவே தொண்ணூறடி, ‘மத்திய அரசு 12 லட்சம்’ என்று சொல்கிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். எந்தத் துறை, எந்த ஜி.ஆர்., தேதி என்ன? அரசாணை நம்பர் சொல்ல முடியாதவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். டீயும் கட்டிங் (அரை கிளாஸ்) போதும்.

தொண்ணூறடி

ஐயா, கேட்டேன். “ஜி.ஆர். எல்லாம் கான்ஃபிடென்ஷியல்” என்றார்.

ஆன்டாப்ஹில்காரன்

ஆஹா.

நிர்வாகி

அந்தக் கன்சல்டன்டின் போன் நம்பரை ஒருவர் இங்கே போட்டிருந்தார். எடுத்துவிட்டேன். ஆளை அல்ல, விஷயத்தைப் பேசுங்கள்.

மலையடிவாரம்

பழைய கிளார்க் ஐயா சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. தணிப்பு நிதி நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை என்கிற மாதிரி தொனித்தது. நிதிக்குழு சொன்னதே வேறு. அந்த 20 ரூபாய், ஊர் அளவிலும் சமூக அளவிலும் ஆபத்தைக் குறைக்கிற சின்ன வேலைகளுக்குத்தான். பெரிய கடல்சுவர், பெரிய கரை மாதிரி வேலைகளை அதில் செய்யக் கூடாது, அவற்றை வழக்கமான திட்டங்களில் செய்யுங்கள் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். சின்னவர்களுக்கென்று எழுதிய பணம் சின்னவர்களிடம் வராமல் இருப்பதுதான் என் ஆத்திரம்.

நான் ஒரு மலைச்சரிவில் குடியிருக்கிறேன், இடம் சொல்ல விருப்பமில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் மண் தெரிகிற சுவர். 2021 ஜூலை 18 விடியற்காலை செம்பூர் பாரத் நகரில் மதில் சரிந்து தூக்கத்திலேயே அத்தனை பேர் போனார்களே, அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜூன் மாதமும் எங்களுக்கு நோட்டீஸ் வருகிறது. ‘ஆபத்தான இடம், காலி செய்யுங்கள்.’ எங்கே போவது என்று அதில் இருக்காது. தடுப்புச்சுவர் வேண்டும் என்று நாலு வருடமாக மனு போடுகிறோம். ஒரு அலுவலகத்தில் “நிலம் எங்களுடையது இல்லை” என்கிறார்கள். இன்னொன்றில் “சுவர் எங்கள் வேலை இல்லை” என்கிறார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் மழையில் பின்சுவர் வழியாக மண் இறங்கி முழங்கால் உயரம் வீட்டுக்குள் வந்துவிட்டது. நான் மடையன். மாமியார் நடக்க முடியாதவர் என்பதால் அன்று ராத்திரியே தெருவில் நாலு பையன்களைக் கூப்பிட்டு மண்ணை வாரி வெளியே போட்டுக் கழுவிவிட்டேன். மூன்றாம் நாள் பஞ்சநாமாவுக்கு, அதாவது சேதத்தை நேரில் பார்த்து எழுதிக்கொள்ள, வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டு “ஒன்றும் இல்லையே, சுத்தமாக இருக்கிறதே” என்று எழுதிக்கொண்டு போனார். பீரோ, அரிசி, பிள்ளையின் புத்தகம் எல்லாம் போயிருந்தது. ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால்கூடப் பேசியிருக்கலாம். வீட்டைப் பெருக்கியது என் தப்பு என்றாகிவிட்டது.

பழைய கிளார்க்

மலையடிவாரம், நீங்கள் சொன்னது சரி. நிதிக்குழுவின் வாசகம் அப்படித்தான். நான் சொல்ல வந்தது, பணம் கமிட்டியின் வங்கிக் கணக்கில் விழாது என்பதை. வேலையாக வரும், பயிற்சியாக வரும், சாமானாக வரும். அதுவும் ஒரு துறை கேட்டால்தான் வரும். அந்தத் துறையைக் கேட்க வைப்பது உங்கள் மனு.

பஞ்சநாமா விஷயம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. நிவாரண நிதியின் தேசிய அளவுகோல் என்ன என்று தெரியுமா? உயிரிழப்புக்கு 4 லட்சம். அடிபட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தால் 16,000, அதற்குக் குறைவென்றால் 5,400. வீடு முழுதாகப் போனாலோ, இரண்டு நாளுக்கு மேல் தண்ணீரில் நின்றாலோ, குடும்பத்துக்குத் துணிமணிக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500. 2022-26 காலத்துக்கான அளவு இது. மாநிலம் விரும்பினால் தன் கையிலிருந்து கூட்டிக் கொடுக்கும். 2,500 ரூபாய்க்கு எத்தனை பாத்திரம் வரும் என்று என்னைக் கேட்காதீர்கள். அதைக்கூட வாங்கப் பஞ்சநாமா வேண்டும், ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும். இந்தப் பட்டியலில் வெள்ளம், நிலச்சரிவு மட்டுமல்ல, தீயும் இருக்கிறது.

சேற்றை வாருவதற்கு முன் போட்டோ எடுங்கள். வாசல் கதவு எண் தெரிகிற மாதிரி ஒன்று, உள்ளே சுவரில் தண்ணீர் ஏறிய கோட்டோடு ஒன்று. பிறகு வாருங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள்.

இட்லி அக்கா

நான் காலை மூன்று மணிக்கு அடுப்பு பற்றவைத்து 400 இட்லி ஊற்றுகிறவள், எனக்கு அரசாணை எல்லாம் தெரியாது. ஆனால் தம்பி தொண்ணூறடி, உங்கள் கல்லியில் 62 வீட்டிலும் கேஸ் இருக்குமே, அதற்கு ஏற்கெனவே இன்சூரன்ஸ் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நாம் தனியாகப் பணம் கட்ட வேண்டாம். ஆயில் கம்பெனிகளே எடுத்து வைத்திருப்பது. சிலிண்டரால் விபத்து நடந்து உயிர் போனால் ஒருவருக்கு 6 லட்சம், மருத்துவச் செலவுக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, வீட்டுச் சேதத்துக்கு 2 லட்சம் வரை. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் அடுப்பு வெடித்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

ஆனால் வீட்டுச் சேதம் என்றால் புக்கில் பதிவான முகவரியில் நடந்திருக்க வேண்டும். நம் ஆட்கள் பாதிப்பேர் கனெக்ஷனை வாங்கியது ஒரு ரூமில், இருப்பது வேறு ரூமில். மாமனார் பேரில், ஊருக்குப் போய்விட்ட அண்ணன் பேரில், பழைய வீட்டுக்காரன் பேரில் என்று எத்தனை புக். விபத்து நடந்தால் என்ன பதில் சொல்வார்கள்? ஏஜென்சிக்குப் போய் முகவரியை மாற்றுங்கள். 15,000 ஆகாது, ஒரு நாள் கூலி போகும், அவ்வளவுதான். கசிவு என்றால் 1906. சமையல்கட்டுச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள், பிள்ளைகளும் பார்க்கட்டும்.

செம்பூர்வாசி

அக்கா, இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே உருப்படியான பதிவு உங்களுடையதுதான். நான் இப்போதே எங்கள் புக்கை எடுத்துப் பார்த்தேன். முகவரி வடாலா. நான் செம்பூருக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது.

கயிறும்டார்ச்சும்

பணம் பற்றியே பேசுகிறீர்கள், ஆட்களைப் பற்றியும் சொல்கிறேன். ‘ஆப்தா மித்ரா’ என்று ஒரு திட்டம் இருக்கிறது. 2016-ல் 30 வெள்ள மாவட்டங்களில் சோதனையாக ஆரம்பித்தார்கள். பிறகு 350 மாவட்டம், ஒரு லட்சம் தொண்டர்கள் என்று விரித்தார்கள், கிட்டத்தட்ட 370 கோடி செலவில். 18 முதல் 40 வயது வரைக்கும் எடுத்தார்கள். 12 நாள் பயிற்சி. நான் அதில் தேறியவன்.

சொன்னால் சிரிப்பீர்கள், முதல் நாள் நான் போனது கிட் கொடுப்பார்கள் என்பதற்காக. லைஃப் ஜாக்கெட், டார்ச், கயிறு, ஹெல்மெட், கம்பூட், முதலுதவிப் பை எல்லாம் கிடைத்தது. இன்சூரன்ஸும் உண்டு. ஆனால் எனக்கு உபயோகமானது நாலாவது நாள் கற்றுக்கொடுத்த ஒரு சின்ன விஷயம். மயங்கிக் கிடப்பவரை ஒடுக்கமான மாடிப்படியில் இறக்குவது எப்படி என்று. போர்வையைக் கீழே விரித்து, ஆளை அதில் உருட்டி, தலைப்பக்கம் இரண்டு முனையையும் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, கால் முன்னால் போகிற மாதிரி இழுத்து இறக்க வேண்டும். ஸ்ட்ரெச்சர் நம் இரும்பு ஏணியில் திரும்பவே திரும்பாது. அடுத்த வருடமே எங்கள் சாலில் ஒரு பெரியவரை அப்படித்தான் இறக்கினோம். அவர் இன்னும் என்னைப் பார்த்தால் “இழுத்தவன் வரான்” என்கிறார்.

பரேலில் மாநகராட்சியின் பேரிடர் மேலாண்மைப் பயிற்சி நிலையம் இருக்கிறது. இளைஞர் மண்டல், பெண்கள் குழு என்று பேர் போட்டுக் கடிதம் கொடுத்துப் பாருங்கள். அந்த 10 ரூபாய் என்று ஐயா சொன்னாரே, நம் கைக்கு நேராக எட்டுவது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பணமாக இல்லை, 12 நாளாக.

சித்தாகேம்ப்

12 நாள் வேலைக்குப் போகாமல் பயிற்சிக்கு எவன் வருவான்? தினக்கூலிக்காரனுக்கு அது 12 நாள் பட்டினி. திட்டம் போடுகிறவர்கள் மாதச் சம்பளக்காரர்கள்.

கயிறும்டார்ச்சும்

அது உண்மைதான். எங்கள் பேட்சிலும் பாதிப்பேர் காலேஜ் பிள்ளைகள், மீதிப்பேர் வேலை தேடிக்கொண்டிருந்தவர்கள். நானும் அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தவன்தான்.

ஆன்டாப்ஹில்காரன்

கேமரா விஷயம் ஒன்று பாக்கி. பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியில் எட்டு நகரங்களுக்குப் ‘பாதுகாப்பான நகரம்’ திட்டம் போட்டார்களே, மும்பையும் அதில் உண்டு. மத்திய அரசு 60, மாநிலம் 40. கல்லி முனையில் கேமரா வேண்டும் என்றால் அதில் கேட்கலாமே?

பழைய கிளார்க்

அது போலீஸ் வழியாகப் போகிற பணம். எந்த முனையில் கேமரா என்பதையும் அவர்கள்தான் முடிவு செய்வார்கள். முனை இருட்டாக இருக்கிறது, பெண்கள் ராத்திரி ஷிப்டு முடிந்து வருகிறார்கள் என்று எழுதி ஸ்டேஷனில் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் தொண்ணூறடி கல்லியில் எரிந்தது கத்ரன். கேமரா அதைப் படம் பிடித்திருக்கும், அவ்வளவுதான்.

எம்.பி. நிதி வருடத்துக்கு 5 கோடி இருக்கிறது என்று அடுத்து யாராவது எழுதுவீர்கள், அதனால் முந்திக்கொள்கிறேன். அதில் நிலைத்து நிற்கிற பொதுச் சொத்துதான் செய்ய முடியும். பணமும் கலெக்டர் வழியாக வேலை செய்கிற துறைக்குப் போகும். தண்ணீர்த் தொட்டி, பொது விளக்கு மாதிரி கேளுங்கள். சிலிண்டர் ரீஃபிலுக்கு எம்.பி.யைத் தேடிப் போகாதீர்கள். கார்ப்பரேட்டர் (மாநகராட்சி உறுப்பினர்) நிதி இருந்த காலத்தில் சின்ன வேலைகள் சட்டென்று நடக்கும். 2022 மார்ச்சோடு அவர்கள் காலம் முடிந்து, ரொம்ப நாள் தேர்தலே இல்லாமல் அட்மினிஸ்ட்ரேட்டர் ஓட்டினார். அந்த இடைவெளியில் மனு கொடுக்க ஒரு வாசல் குறைந்துவிட்டது.

இன்னொன்று. உங்கள் கமிட்டிப் பதிவு உயிரோடு இருக்கிறதா? மண்டல் என்றால் வர்லியில் சேரிட்டி கமிஷனரிடம் பதிவாகியிருக்கும். டிரஸ்டி மாறினால் 90 நாளில் சேஞ்ச் ரிப்போர்ட் கொடுத்திருக்க வேண்டும். செத்துப்போனவர் பேரிலேயே தலைவர் பதவி ஓடிக்கொண்டிருக்கிற மண்டல்கள் நம் ஊரில் ஏராளம். நாளைக்கு ஒரு கம்பெனி சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பணம் தருகிறேன் என்று வந்தால் முதலில் கேட்பது அதையும் ஆடிட்டையும்தான். தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோகின் தர்ப்பன் தளத்தில் பதிவு செய்வது இலவசம். அதற்கும் ஃபைல் போட 5,000 கேட்கிறவர்கள் வருவார்கள், ஜாக்கிரதை.

மலையடிவாரம்

ஐயா, மனு எப்படி எழுதுவது என்று மட்டும் சொல்லுங்கள். நாங்கள் எழுதுவதெல்லாம் ‘கருணை கூர்ந்து’ என்று தொடங்கி ‘ஏழைகள் நாங்கள்’ என்று முடிகிறது. அவர்கள் மடித்து வைத்துவிடுகிறார்கள்.

பழைய கிளார்க்

கருணையை எடுத்துவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மராத்தியில் எழுதுங்கள். பள்ளியில் படிக்கிற உங்கள் பிள்ளைகளே எழுதிக் கொடுப்பார்கள். முதல் வரியில் இடம், எத்தனை வீடு, எத்தனை பேர், அதில் நடக்க முடியாதவர் எத்தனை. அடுத்து என்ன ஆபத்து, எந்தத் தேதியில் ஏற்கெனவே என்ன நடந்தது. அப்புறம் ஒரே ஒரு கோரிக்கை. சுவரும் விளக்கும் கழிப்பிடமும் ஒரே மனுவில் போட்டால் மூன்று மேஜைக்குப் பிரித்து அனுப்ப யாருக்கும் பொறுமை இல்லை, ஒரு மேஜையிலேயே தூங்கும்.

நாலு போட்டோ இணையுங்கள். நகல் ஒன்றில் சீலும் ஆவக் நம்பரும் போட்டு வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். அந்த நம்பர் இல்லாத மனு, கொடுக்காத மனு. ஒரு மாதம் பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ. (தகவல் உரிமை மனு) போடுங்கள். ‘என் மனு இப்போது எந்த அதிகாரியின் மேஜையில் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது’ என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். நான் வேலையில் இருந்தபோது எங்கள் பிரிவில் எல்லோரையும் நாற்காலியை விட்டு எழுப்பிய கேள்வி அது ஒன்றுதான்.

உங்கள் சுவருக்கு ‘நிலம் யாருடையது’ என்கிற சண்டையில் ஒரு புது வாசல் திறந்திருக்கிறது. பேரிடர் சட்டத்தை 2025-ல் திருத்தி, மாநகராட்சி உள்ள பெரிய ஊர்களுக்கு நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்கலாம் என்று சேர்த்தார்கள். மாநகராட்சி கமிஷனர் தலைவர், கலெக்டர் துணைத்தலைவர். தட்டிக்கழிக்கிற இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மனுவை இரண்டு பேருக்கும் முகவரியிட்டு, அந்தத் திருத்தத்தையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.

மலையடிவாரம்

இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பையனை உட்கார வைத்துவிட்டேன். “அப்பா, ‘தடுப்புச்சுவர்’ மராத்தியில் என்ன?” என்கிறான். யாருக்காவது தெரியுமா?

கயிறும்டார்ச்சும்

சம்ரக்ஷக் பிந்த். அலுவலகத்தில் அப்படித்தான் எழுதுவார்கள்.

தொண்ணூறடி

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

கன்சல்டன்டுக்குக் கொடுக்கவில்லை. ஆனால் வர்கணியை நிறுத்தவும் இல்லை. ஏற்கெனவே பாதி வீடு கொடுத்துவிட்டது, திருப்பிக் கொடுத்தால் மறுபடி வாங்க முடியாது என்று எங்கள் பொருளாளர் பிடிவாதம் பிடித்தார். அது நல்லதாகப் போயிற்று. 15,500-ல் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள 6 கிலோ ஏ.பி.சி. பவுடர் சிலிண்டர் ஆறு வாங்கினோம், ஒன்று 2,100. மிச்சம் 2,900-ல் மணல் வாளிக்கும் ஒரு இரும்பு மணிக்கும் போக 640 ரூபாய் கையில் இருக்கிறது.

எங்கே மாட்டுவது என்பதில்தான் சண்டை. கோவில் வாசலில் எல்லாவற்றையும் மாட்டலாம் என்றார்கள் பெரியவர்கள், திருட்டுப் போகாது என்று. கல்லியின் அந்தக் கோடியில் தீப்பிடித்தால் ஓடி வந்து எடுக்க வேண்டுமே என்றேன். கடைசியில் பத்துப் பன்னிரண்டு வீட்டுக்கு ஒன்று. கதவுக்கு வெளியே, பிள்ளைகள் கை எட்டாத, பெண்கள் கை எட்டுகிற உயரத்தில். முள் பச்சையில் இருக்கிறதா என்று மாதம் முதல் தேதி பார்த்து அட்டையில் கையெழுத்துப் போட வேண்டியது அந்த ஒன்பதாவது படிக்கிற பையன். அவனுக்கு ஒரே பெருமை, யாரையும் கிட்டே விட மாட்டேன் என்கிறான்.

கடிதமும் கொடுத்தோம். மராத்தியில், ஒரு பக்கம், ஒரே கோரிக்கை: 20 பெண்களுக்கும் 15 பையன்களுக்கும் தீ, முதலுதவிப் பயிற்சி, தினக்கூலி போகாமல் ஞாயிற்றுக்கிழமைகளில். ஆவக் நம்பர் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். கவுண்டரில் இருந்தவர் கடிதத்தைப் படித்துவிட்டு “யார் எழுதிக் கொடுத்தார்கள்?” என்று கேட்டார். ஐயா, உங்களை நினைத்துக்கொண்டேன்.

12 நாள் பயிற்சி இப்போதைக்கு இல்லையாம், பேட்ச் வரும்போது சொல்கிறோம் என்றார்கள். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஆள் அனுப்புகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். வருகிற ஞாயிறு காலை எட்டு மணி, கோவில் முன்னால். பழைய அண்டாவில் தீ வைத்துக் காட்டுவார்களாம், ஒவ்வொருவரும் சிலிண்டரைக் கையில் எடுத்து அணைத்துப் பார்க்க வேண்டுமாம்.

கேஸ் புக் முகவரியும் எடுத்துப் பார்த்தோம் அக்கா. 62-ல் 23 தப்பு. என்னுடையதும் சேர்த்து.

இட்லி அக்கா

ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன் தம்பி. எட்டு மணிக்கு என் வியாபாரம் முடிந்திருக்கும். பெண்களிடம் ஒன்று சொல்லி வையுங்கள், நைலக்ஸ் புடவையும் நைலான் துப்பட்டாவும் வேண்டாம். பருத்தி கட்டிக்கொண்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு வரட்டும்.

தொண்ணூறடி

சொல்லிவிடுகிறேன் அக்கா. இட்லி மிச்சம் இருந்தால் கொண்டுவாருங்கள், பயிற்சிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க. கையில் 640 ரூபாய் இருக்கிறது, கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.